முறைப்பாடு மூடப்பட்டது

பழைய இடத்தை விட்டு நாங்கள் கிளம்பியது வைகாசியில்.
பதினெட்டுத் தரம் முறையிட்டேன்.
பதினெட்டுத் தரமும் ஒரே பதில்:
எங்கள் விதிகளை இது மீறவில்லை.

பற தெமளா என்று எழுதியிருந்தான்.
முகத்துக்குப் பதில் ஒரு நாய்க்குட்டிப் படம், கழுத்தில் மணி.
இயந்திரம் அதைத் தமிழாக்கித் தந்தது:
தெருத் தமிழர்.
இன்னொரு நாள் அதே சொல்லுக்கு, வெளியூர்த் தமிழர்.
என் மொழியில் வாசித்தால்
பற என்கிறது.
சிறகிருந்தால் யோசித்திருப்பேன்.
வெள்ளவத்தையில் எனக்கிருப்பது மூன்றாம் மாடி,
உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒரு ஜன்னல்.

புது இடத்தில் முதலாளி இல்லை என்றார்கள்.
ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு சட்டம்.
எங்கள் வீடு ஒஸ்லோவில்,
கௌரிபாகனின் உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்தில்
ஒரு பெட்டிக்குள் உறுமிக்கொண்டிருக்கிறது.
பகலில் அவன் பஸ் ஓட்டுகிறான்.
அவன் நித்திரையாகும்போது இங்கே விடியும்;
அதுவரைக்கும் அவனிடம், அதன்பிறகு என்னிடம்
சாவி.

முதல் மாதம் நல்லாய்த்தான் போனது.
மீன் விலை கதைத்தோம்.
கடலோரம் போகும் ஆறு நாற்பது ரயிலை
ஒருவர் நாள் தவறாமல் படமெடுத்துப் போட்டார்.
பிறகு நாய்க்குட்டி வந்தது.
ஒரு வீட்டில் துரத்தினால் மறுவீட்டில் முளைத்தது.
சுவரே இல்லாத வளவில்
கதவை மட்டும் சாத்திச் சாத்தி
கை வலித்தது எனக்கு.

அவனுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கு எழுதினேன்.
எந்த நாட்டிலோ இருக்கிற மனுசன்,
பண்பாகத்தான் பதில் போட்டார்:
இந்த மொழி எனக்குத் தெரியாது.
நீங்கள் சொல்வதை நம்ப விரும்புகிறேன்.
ஆனால், தன்னைத்தான் நீங்கள் ஏசுவதாக
அவரும் சொல்கிறார்.

இரவு பதினொன்று, காலி வீதி, கொத்துக் கடை.
முன்னால் நின்றவன் போனைப் பார்த்துச் சிரித்தான்.
மழை தூறத் தொடங்க, என்னிடம் குடையில்லாததைக் கண்டு
மல்லி, ஓயா இஸ்ஸெல்லா கன்ன என்று
தன் முறையை எனக்குத் தந்தான்.
நாய்க்குட்டி இவனாயிராது.
இவனாயுமிருக்கலாம்.
பார்சல் சுடச்சுட, மூன்று மாடியும் இதையே நினைத்து ஏறினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது முறைப்பாடு தமிழில் வந்தது,
தமிழர் ஒருவர் மேல்.
புஷ்பகாந்தி. பொகவந்தலாவை.
புறக்கோட்டையில் புடவைக்கடையில் வேலை.
லீவுக்கு ஊருக்குப் போகிறாள், பஸ்ஸில் ஜன்னல் சீற்,
மடியில் தம்பிக்கு வாங்கிய சப்பாத்துப் பெட்டி.
அந்தப் படத்தின் கீழ் எங்கட ஆள் ஒருவர்
தோட்டக்காட்டுச் சனத்துக்கு ஜன்னல் சீற் கேட்குதோ என்று எழுதி
மூன்று சிரிப்பு வைத்திருந்தார்.

ஆளைத் தெரியும்.
ஆறு நாற்பது ரயில்.

இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.
எங்கள் குசினியில் புழங்கின சொல்,
அம்மியோடும் ஆட்டுக்கல்லோடும் கிடந்தது.
பகிடிதானே என்று நினைத்தேன்.
எங்கள் விதிகளை இது மீறவில்லை:
விரலுக்கு அந்த வசனம் மனப்பாடம்.

மூன்றாம் நாள் அவளிருந்த இடத்தில்
சாம்பல் நிற வட்டம் ஒன்று.
மூடியதைத் திறந்தேன். அவரை வெளியேற்றினேன்.
முறையிட்டவருக்கு அறிவிக்க முடியவில்லை என்றது திரை,
அவர் இங்கே இல்லை.

அடுத்த நாள் ஆறு நாற்பது ரயில் போனது.
ஜன்னல் அதிர்ந்தது.
படம் வரவில்லை. எனக்கு அது குறையாகப் பட்டது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய்
ஏழு புடவைக்கடை ஏறி இறங்கினேன்.
கேட்க வாயெடுத்தால் என்னவென்று கேட்பது?
எட்டாவது கடையில் ஒரு பிள்ளை, அவளாயுமிருக்கலாம்,
என்ன பார்க்கிறீங்க என்றாள்.
தலையணை உறை என்றேன்.
இரண்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.